பிளாக்ஜாக் 'பேசிக் ஸ்ட்ராட்டஜி' என்றால் என்ன? கற்றுக்கொண்டால் கேசினோவை ஜெயிக்க முடியுமா?

ஆபீஸ் நண்பர்களோடு கோவா போகிறீர்கள். பனாஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ படகில் ஏறுவதற்கு முன், "பேசிக் ஸ்ட்ராட்டஜி தெரிஞ்சா போதும் மச்சி, பிளாக்ஜாக்ல காசு பார்க்கலாம்" என்று ஒருவர் சொல்கிறார். இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாமல் போனால் பர்ஸ் காலி.

ஆட்டம் என்ன?

21-ஐ தாண்டாமல் டீலரைவிட அதிக எண்ணிக்கை சேர்க்க வேண்டும். ஜாக்கி, ராணி, ராஜாவுக்கு 10. ஏஸுக்கு 1 அல்லது 11. டீலரின் ஒரு சீட்டு உங்களுக்குத் தெரியும். அவர் 16 வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிறுத்த வேண்டும்.

கேசினோவின் லாபம் எங்கே இருக்கிறது? முதலில் ஆடுவது நீங்கள். நீங்கள் 21-ஐ தாண்டினால் பணம் அப்போதே போய்விடும். பிறகு டீலரும் தாண்டினால்கூட அது திரும்பி வராது.

யார் கண்டுபிடித்தது?

அமெரிக்க ராணுவத்தில் இருந்த ரோஜர் பால்ட்வினும் மூன்று நண்பர்களும், மேசைக் கால்குலேட்டரை வைத்தே ஒவ்வொரு நிலைக்கும் கணக்குப் போட்டு 1956-இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டார்கள். கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப் அதை கம்ப்யூட்டரில் செம்மைப்படுத்தி 1962-இல் புத்தகமாக்கினார்.

முக்கிய விதிகள்

* 17 அல்லது அதற்கு மேல் (ஏஸை 11-ஆக எண்ணாமல்): நிறுத்துங்கள்.
* 13 முதல் 16 வரை: டீலரிடம் 2 முதல் 6 வரை தெரிந்தால் நிறுத்துங்கள், 7 முதல் ஏஸ் வரை என்றால் எடுங்கள்.
* 12: டீலரிடம் 4, 5, 6 இருந்தால் மட்டும் நிறுத்துங்கள்.
* 11: டீலரிடம் 2 முதல் 10 வரை என்றால் பந்தயத்தை இரட்டிப்பாக்குங்கள். உங்களிடம் 10 என்றால், 2 முதல் 9 வரை.
* ஏஸ் ஜோடி, 8 ஜோடி: பிரியுங்கள். 10 ஜோடி, 5 ஜோடி: பிரிக்கவே வேண்டாம்.
* 'இன்சூரன்ஸ்': வேண்டாம். டீலரின் மறைசீட்டு 10 மதிப்புள்ளதாக இருக்க 13-இல் 4 வாய்ப்புதான். அதற்குக் கிடைக்கும் 2:1 பணம் கட்டுப்படியாகாது.

மேசை விதிகளைப் பொறுத்து இவை கொஞ்சம் மாறும்.

கையில் 16, டீலரிடம் 10. எடுக்கப் பயமாத்தான் இருக்கும். 13-இல் 8 வாய்ப்பு நீங்கள் 21-ஐ தாண்டிவிடுவீர்கள். ஆனால் எடுத்தாலும் நிறுத்தினாலும் 100 ரூபாய்க்கு சராசரியாக சுமார் 54 ரூபாய் நஷ்டம்தான். எடுப்பதில் அது மயிரிழை அளவு குறைவு. பேசிக் ஸ்ட்ராட்டஜியின் வேலையே இதுதான்: ஜெயிக்க வைப்பதல்ல, குறைவாகத் தோற்க வைப்பது.

கணக்கு என்ன சொல்கிறது?

நல்ல விதிகள் உள்ள மேசையில், தவறே செய்யாமல் ஆடினால் கேசினோவின் சாதகம் சுமார் 0.5%. தோன்றியபடி ஆடினால் 2% அல்லது அதற்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது.

ஓர் ஆட்டத்துக்கு 500 ரூபாய், மணிக்கு 60 ஆட்டம், 4 மணி நேரம் என்று வெச்சுக்கோங்க. மொத்தப் பந்தயம் 1,20,000 ரூபாய். சராசரி நஷ்டம் முதல் வகையில் 600 ரூபாய், இரண்டாவதில் 2,400 ரூபாய். ஆனால் ஒரே இரவில் 9,000 ரூபாய் ஏறுவதும் இறங்குவதும் சகஜம். ஏறின அன்னைக்கு "எனக்கு ஆட்டம் பிடிபட்டுடுச்சு" என்று தோன்றும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

பிளாக்ஜாக் விழுந்தால் 3:2 தருகிறார்களா, 6:5-ஆ என்று மேசையில் பாருங்கள். 1,000 ரூபாய்க்கு 1,500-க்குப் பதில் 1,200 தரும் மேசையில், கேசினோவின் சாதகம் சுமார் 1.4 சதவீதப் புள்ளி கூடிவிடும். நீங்கள் மனப்பாடம் செய்ததெல்லாம் கிட்டத்தட்ட வீண்.

இந்தியாவில் வரி, சட்டம்?

கேசினோவில் சிப்ஸ் வாங்கச் செலுத்தும் தொகைக்கு 2023 அக்டோபர் 1 முதல் 28% ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40%. ஜெயித்த பணத்துக்கு 30% வருமான வரியும் செஸ்ஸும் தனி. தோற்ற பணத்தை அதில் கழிக்க முடியாது. 0.5 சதவீதத்துக்காக மெனக்கெடும் முன் இந்த 40 சதவீதத்தை யோசியுங்கள்.

"சரி, மொபைல்லயே ஆடிக்கலாம்" என்றால் அதுவும் முடியாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது.

அப்போ கற்க வேண்டாமா?

தாராளமாகக் கற்கலாம். நிகழ்தகவு புரிய இதைவிட சுவையான பாடம் குறைவு. வீட்டில் ஒரு சீட்டுக்கட்டும் புளியங்கொட்டையும் போதும். படகேறினால், சினிமா டிக்கெட் மாதிரி திரும்பி வராத தொகையை மட்டும் எடுத்துப் போங்கள். ஏடிஎம் கார்டு ரூமிலேயே இருக்கட்டும்.

விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்கும் நிலை வந்துவிட்டதா? அதற்கு எந்த அட்டவணையும் உதவாது. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.