வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி

19ஆம் நூற்றாண்டில் உலகெங்கும் விற்ற ஒருவகைத் தீக்குச்சி. சுவர், செருப்பு, மேசைக்கால் என்று எதில் உரசினாலும் பற்றிக்கொள்ளும். இதைச் செய்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகிப்போனதால், 1872இல் பின்லாந்து தொடங்கி ஒவ்வொரு நாடாக இதைத் தடை செய்தது. இந்தியாவில் தடைச்சட்டம் 1913இல் வந்தது. ஒரு மூலப்பொருளை ஆலைக்குள்ளேயே விடாமல் செய்து ஒரு தொழில்நோயை ஒழித்த நிகழ்வு என்பதால், தொழிலிடப் பாதுகாப்பின் வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. நோய்க்குக் காரணம் இன்னதென்று தெரிந்ததற்கும் அது ஒழிந்ததற்கும் இடையில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அந்த இடைவெளிதான் இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்கது.

ஹாம்பர்க் நகரின் ஹென்னிக் பிராண்ட் தங்கம் செய்யும் ஆசையில் மனிதச் சிறுநீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, 1669இல் பாஸ்பரஸ் கிடைத்தது. இருட்டில் தானாக ஒளிரும் இந்தப் பொருள் நெடுங்காலம் வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. முதல் உரசு தீக்குச்சியில் பாஸ்பரஸே கிடையாது. இங்கிலாந்தில் ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர் 1827இல் அதை விற்கத் தொடங்கினார். பொட்டாசியம் குளோரேட், ஆண்டிமனி சல்பைடு, பசை ஆகியவைதான் அவருடைய மருந்து. மடித்த மணல்தாளுக்குள் குச்சியை வைத்து வெடுக்கென்று இழுக்க வேண்டும். சில சமயம் எரியும் தலை கழன்று தரையில் விழும். அவர் காப்புரிமை வாங்கிக்கொள்ளவில்லை; பலரும் அதை நகலெடுத்தார்கள்.

1830ஐ ஒட்டி, பிரான்சில் சார்ல் சோரியா என்ற இளைஞர் ஆண்டிமனி சல்பைடுக்குப் பதிலாக வெள்ளைப் பாஸ்பரஸைச் சேர்த்தார். குச்சி இலேசாக உரசினாலே பற்றியது, விலையும் குறைந்தது. சில ஆண்டுகளில் ஐரோப்பா முழுவதும் இந்தக் குச்சிக்கு ஆலைகள் முளைத்தன.

வெள்ளைப் பாஸ்பரஸ் மெழுகு போன்றது. 44 டிகிரி செல்சியஸில் உருகும். காற்றுப் பட்டால் புகையும், கொஞ்சம் சூடேறினாலே தீப்பிடிக்கும். அதனால் தண்ணீருக்குள் போட்டுத்தான் வைப்பார்கள். ஆலையில் அதைச் சூடான பசையில் கரைத்து, மற்ற மருந்துகளோடு கலந்து, அகலமான தட்டில் பரப்புவார்கள். சட்டத்தில் வரிசையாகச் செருகிய குச்சிகளை அதில் முக்கி எடுத்துக் காயவைப்பார்கள். காய்ந்ததும் பெண்கள் கைநிறைய அள்ளிப் பெட்டியில் அடைப்பார்கள். கலக்கும் இடம், முக்கும் இடம், காயவைக்கும் இடம் எங்கும் வெள்ளைப்பூண்டு நெடியோடு ஆவி பரவியிருக்கும். சாப்பாட்டுக்கென்று தனி இடம் இல்லாத ஆலைகளில், வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியை வேலை செய்யும் மேசையிலேயே வைத்துச் சாப்பிட்டார்கள்.

நோய் உடனே வராது. ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்த பிறகு ஒருநாள் பல்வலி தொடங்கும். சொத்தைப் பல்லோ, பல் பிடுங்கிய குழியோ இருந்தால் அங்கேதான் முதலில் தாக்கும். ஈறு வீங்கி, சீழ் வைத்து, தாடை எலும்பு துண்டு துண்டாகச் செத்துப் புண்வழியே வெளியே வரும். நோயாளியின் பக்கத்தில் உட்கார முடியாத அளவுக்கு நாற்றம் அடிக்கும். தாடையை அறுத்தெடுப்பது ஒன்றே அன்றைய சிகிச்சை. உயிர் பிழைத்தவர்கள் முகம் கோணிப்போய், கஞ்சியும் கூழுமாகக் காலம் தள்ளினார்கள். இங்கிலாந்தின் தொழிலாளர்கள் இதை ‘பாஸி ஜா’ என்று அழைத்தார்கள். வியன்னாவின் அறுவை மருத்துவர் லோரின்சர், தம்மிடம் வந்த தீக்குச்சித் தொழிலாளர்களைக் கண்டு 1845இல் இந்த நோயை விவரித்து எழுதினார். மருத்துவ உலகத்துக்கு அதற்குப் பிறகு சந்தேகம் ஒன்றும் இருக்கவில்லை.

மாற்று வழியும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில் கிடைத்துவிட்டது. காற்றுப் படாமல் வெள்ளைப் பாஸ்பரஸைச் சூடாக்கினால் அது சிவப்புப் பாஸ்பரஸாக மாறும், அதற்கு அந்த நச்சுத்தன்மை இல்லை என்பதை வியன்னாவின் அன்டோன் ஷ்ரோட்டர் 1840களின் கடைசியில் தெளிவாக்கினார். ஸ்வீடனில் குஸ்தாவ் எரிக் பாஷ் ஏற்கெனவே 1844இல் ஒரு யோசனைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்: பாஸ்பரஸைக் குச்சியின் தலையில் வைக்காமல் பெட்டியின் பக்கவாட்டில் பூசிவிடுவது. யோன்ஷோப்பிங் ஊரின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்த ‘பாதுகாப்புத் தீக்குச்சி’ 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் பரிசு பெற்றது. இன்று நம் சமையலறைகளில் இருக்கும் தீப்பெட்டியின் தத்துவம் இதுவே.

ஆனால் கடைக்காரர்களும் வாங்குபவர்களும் அதை விரும்பவில்லை. விலை கூடுதல், பெட்டி இல்லாமல் குச்சி மட்டும் கையில் இருந்தால் பயனில்லை. பிரிட்டனில் லுண்ட்ஸ்ட்ரோம் குச்சிக்கான உரிமையை வாங்கிய நிறுவனம் பிரையண்ட் அண்டு மே. குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த இருவர் தொடங்கிய இந்த நிறுவனம், 1861இல் கிழக்கு லண்டனின் போ பகுதியில் பெரிய ஆலை எழுப்பியது. பாதுகாப்பான குச்சியைத் தயாரிக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே, சந்தை கேட்கிறது என்று வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சியையும் அடுத்த நாற்பது ஆண்டுகள் அது தயாரித்தது. அறியாமையின் பேரில் பழி போட இங்கே வழியே இல்லை.

1888 ஜூன் 23 அன்று ‘தி லிங்க்’ என்ற சிறு வார இதழில் அன்னி பெசன்ட் இந்த ஆலையைப் பற்றி எழுதினார். பங்குதாரர்களுக்கு 23 விழுக்காடு ஈவுத்தொகை கிடைத்த அதே ஆலையில், பெண்களின் அற்பக் கூலியிலிருந்து பேசினால் அபராதம், குச்சி தரையில் கிடந்தால் அபராதம், தாமதமாக வந்தால் அபராதம் என்று பிடித்துக்கொண்டிருந்ததை அவர் வெளிப்படுத்தினார். அதில் சொன்னதெல்லாம் பொய் என்று எழுதிய தாளில் தொழிலாளர்களைக் கையெழுத்திடச் சொன்னது நிர்வாகம். அவர்கள் மறுத்தார்கள். ஒரு பெண் வேலை நீக்கம் செய்யப்பட, ஜூலை தொடக்கத்தில் ஏறத்தாழ 1,400 பேர் வெளியேறினார்கள். பெசன்ட் வேலைநிறுத்தத்தைத் தூண்டினார் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட கதை. அவர் கேட்டது அந்த ஆலையின் குச்சிகளைப் புறக்கணிக்கும்படிதான். வேலைநிறுத்தம் சாரா சாப்மன் உள்ளிட்ட தொழிலாளர்களே எடுத்த முடிவு என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. இரண்டு வாரத்துக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. அபராதங்கள் போயின. சாப்பிடத் தனி அறை தருவதாக வாக்குறுதி கிடைத்தது. பெண்களுக்கென்று சங்கம் அமைந்தது. வெள்ளைப் பாஸ்பரஸ் மட்டும் போகவில்லை. இருந்தாலும் சாப்பாட்டு அறை சாதாரண வெற்றி என்று ஒதுக்கத்தக்கதல்ல. நச்சு வயிற்றுக்குள் போகும் ஒரு வழி அதனால் அடைபட்டது.

பெசன்ட் 1893 நவம்பரில் கொழும்பிலிருந்து கப்பலேறித் தூத்துக்குடியில் வந்து இறங்கினார். பிறகு அடையாற்றில் நிலைகொண்டார். அவருடைய சகாவான பி. பி. வாடியா 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். பெசன்ட் வந்து இறங்கிய துறைமுகத்திலிருந்து ஒருநாள் பயணத்துக்குள் உள்ள கோவில்பட்டியும் சாத்தூரும் சிவகாசியும் பின்னாளில் இந்தியாவின் தீப்பெட்டிப் பட்டறையாக மாறும் என்று அன்று யாரும் நினைத்திருக்க முடியாது.

லண்டனுக்குத் திரும்பினால், அடுத்த தாக்குதல் சமயப்பணியாளர்களிடமிருந்து வந்தது. சால்வேஷன் ஆர்மி 1891இல் ஓல்டு ஃபோர்டில் சொந்த ஆலை திறந்து, சிவப்புப் பாஸ்பரஸ் குச்சி மட்டும் செய்து, கூலியும் கூடுதலாகக் கொடுத்தது. நல்ல நோக்கமெல்லாம் சரிதான். ஆனால் குச்சி விலை கூடியதால் விற்பனை ஏறவில்லை. பத்து ஆண்டுகளில் ஆலை மூடப்பட்டது. நல்லவர் ஒருவர் மட்டும் செலவைச் சுமந்தால் சந்தையில் தோற்பார், எல்லோருக்கும் பொதுவான விதி வந்தால்தான் சமம் என்ற வாதத்துக்கு அது நல்ல சான்றாயிற்று.

1895ஆம் ஆண்டுச் சட்டம் பாஸ்பரஸ் நோய் கண்டால் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்றது. பிரையண்ட் அண்டு மே 17 நோயாளிகளை மறைத்தது 1898இல் அம்பலமானது. நீதிமன்றம் விதித்த தண்டமும் செலவும் சேர்த்து 25 பவுண்டு 9 ஷில்லிங். பணத்தால் அந்த நிறுவனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பெயர் கெட்டது. அதே ஆண்டில் தாமஸ் லெக் பிரிட்டனின் முதல் ஆலை மருத்துவ ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். கை கழுவு, வாய் கொப்பளி, பல்லைக் காட்டு என்று தொழிலாளியின் தலையில் ஏற்றும் விதிகளால் முழுப்பயன் கிடைக்காது. தொழிலாளியின் கையில் இல்லாத ஏற்பாடுகள்தான் பலன் தரும் என்பது லெக் நீண்ட அனுபவத்தில் கண்டது. ஈயவெள்ளைப் பூச்சைத் தடை செய்யும் சர்வதேச உடன்படிக்கையை பிரிட்டன் ஏற்க மறுத்தபோது, 1926இல் அவர் பதவியைத் துறந்தார்.

தீர்வு பிரான்சிலிருந்து வந்தது. அங்கே தீக்குச்சி அரசின் தனியுரிமை; முதலாளியும் அரசே, நோயாளிகளின் செலவும் அரசுக்கே. 1898இல் செவேன், காஹன் என்ற இருவர் பாஸ்பரஸ் செஸ்குவிசல்பைடு என்ற சேர்மத்தைக் கொண்டு, எங்கும் உரசி எரிக்கக்கூடிய குச்சியைச் செய்தார்கள். வாங்குபவர் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. தொழிலாளியின் தாடையும் தப்பியது. பிரான்ஸ் உடனே மாறிக்கொண்டது. பிரையண்ட் அண்டு மே 1901இல் வெள்ளைப் பாஸ்பரஸைக் கைவிட்டது.

மற்ற நாடுகளைப் பிணைத்தது 1906ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கை. பெண்களின் இரவுவேலையைத் தடுக்கும் உடன்படிக்கையோடு சேர்ந்து, தொழிலாளர் நலனுக்காக நாடுகள் செய்துகொண்ட முதல் பன்னாட்டு ஒப்பந்தம் இது. முதலில் தயங்கிய பிரிட்டன் 1908இல் சட்டம் இயற்றி 1910 முதல் தடையை நடைமுறைப்படுத்தியது. அமெரிக்காவில், ஆலைக்குள் நடப்பதை மத்திய அரசு நேரடியாகத் தடை செய்ய அரசியல் சட்டம் இடம்தராது என்று கருதப்பட்டது. ஜான் பி. ஆண்ட்ரூஸ் 1910இல் வெளியிட்ட ஆய்வில் 150க்கும் மேற்பட்ட நோயாளிகள் பதிவானார்கள். செஸ்குவிசல்பைடு காப்புரிமை அங்கே டைமண்ட் மேட்ச் நிறுவனத்திடம் இருந்தது. குடியரசுத் தலைவர் டாஃப்ட் கேட்டுக்கொண்டதை அடுத்து 1911இல் அதை அந்த நிறுவனம் விட்டுக்கொடுத்தது. மறு ஆண்டு வந்த சட்டம் தடை என்ற சொல்லையே தொடாமல், நூறு வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சிக்கு 2 சென்ட் வரி போட்டது. அந்த வரியைக் கட்டி யாரும் தொழில் நடத்த முடியாது. சட்ட நுணுக்கத்தை வைத்தே கழுத்தை நெரித்த கெட்டிக்காரத்தனம்!

இந்தியாவில் 1913ஆம் ஆண்டின் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச்சட்டம் இறக்குமதி, உற்பத்தி, விற்பனை மூன்றையும் தடுத்தது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தொழில் கற்று, மறு ஆண்டு ஊர் திரும்பித் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியபோது அந்தச் சட்டத்துக்கு வயது பத்து. ஸ்வீடன் நிறுவனத்தின் விம்கோ ஆலைகளும் அதே காலத்தில் வந்தவைதான். சென்னையின் விம்கோ நகர் அதன் பெயரைத் தாங்கியது. ஆக, தமிழகத்தின் தீப்பெட்டி ஆபீஸ்களில் வேலை பார்த்த எந்தத் தலைமுறையும் தாடை அழுகும் நோயைக் காணவில்லை. அதற்கான விலையை அவர்கள் அறியாத ஊர்களில் யாரோ கொடுத்திருந்தார்கள்.

வேறு ஆபத்துகள் இருந்தன. தலையில் உள்ள பொட்டாசியம் குளோரேட்டும் பக்கவாட்டில் பூசும் சிவப்புப் பாஸ்பரஸும் உரசினால்தான் குச்சி எரியும்; அவை இரண்டும் ஆலையில் தற்செயலாகக் கலந்தால் உரசலிலேயே வெடிக்கும். ஒரு அறையில் தலைமருந்து, இன்னொரு அறையில் பக்க மருந்து என்று பிரித்துவைப்பது அதனால்தான். கட்டையில் குச்சி அடுக்கும் வேலைக்குச் சிறு விரல்கள் வசதி என்று சொல்லிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் அமர்த்தியது இன்னொரு நெடுங்கால அவலம். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியைக் குழந்தைகளுக்குத் தடை செய்த தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. சிவகாசியை முன்னிட்டு எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நலநிதியில் செலுத்த வேண்டும் என்றும், அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர அரசு முயல வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

மருத்துவர்கள் பழைய நோய்க்குறிப்புகளை மீண்டும் புரட்டும் நிலை 2003இல் வந்தது. எலும்புத் தேய்வுக்கும் புற்றுநோய்க்கும் தரப்படும் பிஸ்பாஸ்பொனேட் மருந்துகளை எடுத்துக்கொண்ட சிலருக்கு, பல் பிடுங்கிய பிறகு தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போவது தெரியவந்தது. பாஸ்பரஸ் சார்ந்த அந்த மருந்துகளும் எலும்பில்தான் போய்த் தங்குகின்றன. இந்த மருந்தைத் தொடங்கும் முன் பல்லைச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்வது இப்போது வழக்கமாகியிருக்கிறது.

தீப்பெட்டியின் விலை விவகாரம் மட்டும் இன்னும் தீரவில்லை. ஒரு ரூபாய்ப் பெட்டி 14 ஆண்டுகள் கழித்து 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது. மூலப்பொருள் விலையேற்றமே காரணம் என்றார்கள் தமிழக உற்பத்தியாளர்கள். ஏறிய பொருட்களின் பட்டியலில் மெழுகும் அட்டையும் பொட்டாசியம் குளோரேட்டும் இருந்தன. சிவப்புப் பாஸ்பரஸும் இருந்தது.