146 கேசட்டுகள், 10 கோடி நட்சத்திரங்கள்

1987 செப்டம்பர் இறுதியில் வாஷிங்டனின் ‘சிட்டி பேப்பர்’ வார இதழ் ஒரு பட்டியலை அச்சிட்டது. ஒரு வீட்டார் வாடகைக்கு எடுத்துப் பார்த்த வீடியோ கேசட்டுகள், மொத்தம் 146. அந்த வீட்டுக்காரர் நீதிபதி ராபர்ட் போர்க். அதிபர் ரேகன் அவரை உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்திருந்தார். செனட்டில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. மைக்கேல் டோலன் என்ற பத்திரிகையாளர், போர்க் வழக்கமாகப் போகும் வீடியோ கடைக்குப் போய்க் கேட்டார். கடையில் இருந்தவர்கள் கொடுத்துவிட்டார்கள். துப்பறியும் வேலை அவ்வளவுதான்.

பட்டியலில் கிசுகிசுவுக்குத் தீனி இல்லை. ஹிட்ச்காக், கேரி கிராண்ட் என்று பெரும்பாலும் சாதுவான ரசனை. டோலனும் நையாண்டியாகத்தான் எழுதியிருந்தார். அரசியல் சாசனத்தில் தனியுரிமை என்று பொதுவான உரிமை எதுவும் இல்லை என வாதிட்டு வந்தவர் போர்க். அப்படியென்றால் உங்கள் கேசட் பட்டியலை ஊர் படித்தால் என்ன என்பதுதான் கேள்வி. அக்டோபரில் செனட் அவரை 58க்கு 42 என்ற கணக்கில் நிராகரித்தது. அதற்குக் காரணங்கள் வேறு. ஆனால் தங்கள் வீட்டுப் பட்டியலும் ஏதோ ஒரு கடையில் இருக்கிறது என்பது உறுப்பினர்களுக்கு உறைத்திருக்க வேண்டும். 1988 நவம்பரில் வீடியோ தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிவிட்டது. யார் எந்தப் படத்தை எடுத்தார் என்று கடைக்காரர் வெளியே சொன்னால் குறைந்தது 2,500 டாலர் இழப்பீடு.

லண்டனிலும் டொராண்டோவிலும் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் தமிழ்ப்பட கேசட்டுகளை அடுக்கி வைத்திருந்த கடைகளில் இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. யார் எதை எடுத்தார், திருப்பித் தரும்போது என்ன முகத்தோடு தந்தார் என்பதெல்லாம் கடைக்கார அண்ணனுக்கு மனப்பாடம். அதை வைத்துத்தான் அடுத்த வாரம் “இது உங்களுக்குச் சரிவராது” என்று ஒரு படத்தை மறைத்து, வேறொன்றை எடுத்து நீட்டுவார்.

அந்த அண்ணனின் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்த நிறுவனங்களில் ஒன்று நெட்ஃப்ளிக்ஸ். டிவிடிகளைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்த காலத்திலேயே, பார்த்த படத்துக்கு 1 முதல் 5 வரை நட்சத்திரம் போடச் சொன்னது. சாப்பிட்டுக்கொண்டே பாதிக் கவனத்தில் பார்த்து, போகிற போக்கில் போட்ட நட்சத்திரங்கள். 2006 அக்டோபரில் இவற்றில் 10 கோடிக்கு மேற்பட்டவற்றை நிறுவனம் உலகத்துக்கே திறந்துவிட்டது: 4,80,189 பேர், 17,770 படங்கள், ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் தேதி. பெயர்கள் நீக்கப்பட்டு எண்கள் இடப்பட்டிருந்தன. ஒருவர் எந்தப் படத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவார் என்பதைத் தங்கள் மென்பொருளைவிட 10 சதவீதம் துல்லியமாகக் கணிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு.

அந்தப் போட்டியின் கதையை எங்கள் தொழிலில் இன்றும் புராணம்போலச் சொல்வார்கள். மூன்று வருடம் இழுத்தது. முதலிரண்டு அணிகளும் ஒரே மதிப்பெண் எடுக்க, 20 நிமிடம் முன்னால் அனுப்பிய அணி பரிசைத் தட்டிச் சென்றது. எனக்குச் சுவாரசியம் அதில் இல்லை. வழியில் அவர்கள் கண்டுகொண்ட மனித குணத்தில்தான். வென்ற அணியில் இருந்த யெஹூதா கோரன், மனிதர்களின் அளவுகோல் நாளுக்கு நாள் நகர்கிறது என்று காட்டினார். நேற்றைய மூன்று நட்சத்திரமும் இன்றைய மூன்று நட்சத்திரமும் ஒன்றல்ல. ‘நெப்போலியன் டைனமைட்’ என்ற சின்ன நகைச்சுவைப் படம் எல்லோரையும் திணறடித்தது. மற்ற எல்லாவற்றிலும் ஒத்த ரசனை உள்ள இருவர் அதில் மட்டும் ஐந்துக்கும் ஒன்றுக்குமாகப் பிரிந்து நின்றார்கள்.

இப்படி நிலையில்லாத அபிப்பிராயங்களிலிருந்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த அர்விந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும். நாராயணன் சென்னை ஐஐடியில் படித்துவிட்டுப் போனவர். ஒருவர் மதிப்பிட்ட 8 படங்கள் தெரிந்தால் போதும். அதில் 2 தவறாக இருக்கலாம், தேதி 14 நாள் முன்பின்னாக இருக்கலாம். 99 சதவீதப் பதிவுகள் தனித்து நின்றுவிடும். எல்லோரும் பார்க்கிற படம் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. அரிதான படம்தான் கொடுக்கிறது. ‘நாயகன்’ பிடித்தது என்று ஒருவர் சொன்னால் அவர் யாராகவும் இருக்கலாம். ‘நாயகன்’, ‘அவள் அப்படித்தான்’, ‘குடிசை’ மூன்றையும் ஒரே மாதத்தில் பார்த்துக் கருத்துச் சொன்னவர் என்றால், உங்கள் நண்பர்களில் எத்தனை பேர் தேறுவார்கள்?

ஐஎம்டிபி தளத்தில் வெளிப்படையாக மதிப்பிட்ட சில டஜன் பேரை எடுத்து ஒப்பிட்டதில், இருவரின் நெட்ஃப்ளிக்ஸ் பதிவு ஏறக்குறைய ஐயமின்றி அகப்பட்டது. ஊரறியச் சொன்ன சில கருத்துகள், வீட்டுக்குள் பார்த்த மீதி அத்தனைக்கும் திறவுகோல். ‘பாரன்ஹீட் 9/11’ போன்ற படத்துக்கு இட்ட நட்சத்திரம் அரசியல் சாய்வைச் சொல்லலாம். வேறு சில படங்கள் மத நம்பிக்கையையோ பாலியல் விருப்பத்தையோ சொல்லலாம். ஆய்வாளர்கள் அந்த இருவரின் பெயரை வெளியிடவில்லை.

2009 டிசம்பரில் கலிபோர்னியாவில் நெட்ஃப்ளிக்ஸ் மீது வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர், பெயரை மறைத்துக்கொண்ட ஒரு தாய். தன்பால் ஈர்ப்புள்ளவர், அது வெளியே தெரிந்தால் தன் பிழைப்பும் பிள்ளைகளின் நிம்மதியும் போகும் என்றார். அவர் கையில் எடுத்த சட்டங்களில் ஒன்று, போர்க்கின் கேசட்டுகளால் பிறந்த அதே 1988 சட்டம். 2010 மார்ச்சில் நிறுவனம் வழக்கைச் சமரசத்தில் முடித்து, அறிவித்திருந்த இரண்டாவது போட்டியைக் கைவிட்டது. முதல் போட்டியின் கோப்பு அதற்குள் ஆயிரக்கணக்கானோரின் கணினிகளில் இறங்கியிருந்தது.

பத்து லட்சம் டாலர் வாங்கிய முழுக் கணிப்புமுறையை நெட்ஃப்ளிக்ஸ் நடைமுறைக்குக் கொண்டுவரவே இல்லை. தபால் டிவிடி போய் இணைய ஒளிபரப்பு வந்துவிட்டது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கவேண்டிய தேவையும் குறைந்தது. எந்த நிமிடத்தில் நிறுத்தினீர்கள் என்பதே தெரியும்போது நட்சத்திரம் எதற்கு? 2017இல் நட்சத்திரங்களை எடுத்துவிட்டுக் கட்டைவிரலை வைத்தார்கள்.

அதற்கு முன்பே, 2013 ஜனவரியில், 1988 சட்டம் திருத்தப்பட்டது. திருத்தத்துக்காக முன்னின்று முயன்றது நெட்ஃப்ளிக்ஸ்தான். வாடிக்கையாளர் பார்க்கும் படங்களை அவருடைய பேஸ்புக் நண்பர்களுக்குக் காட்ட, ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது இடைஞ்சலாம். இப்போது ஒருமுறை சம்மதித்தால் போதும். திரும்பப் பெறாதவரை அது இரண்டு வருடம் செல்லும்.