இரும்புக்கும் எழுத்துக்கும் இடையே

அலங்காநல்லூர் என்றால் காளை! மதுரைக்கு வடக்கே உள்ள அந்த ஊரின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில், வாடிவாசலைக் கடந்து சீறிப் பாயும் காளையின் திமிலும் கொம்பும் தமிழர் மனக்கண்ணில் தோன்றும். காளைக்கு அடுத்தபடி அந்த வட்டாரத்துக்குப் பெயர் தந்தது கரும்பு. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்று அங்கே எழுந்ததென்றால், அந்த மண்ணில் கரும்பு எவ்வளவு செழித்திருக்க வேண்டும்! பொங்கல் நாளில் கரும்பும் காளையும் ஒருசேரப் போற்றப்படுகின்றன. ஆனால், அவ்விரண்டும் ஒன்றாகக் கலந்து உலகுக்கு அறிவொளி பரப்பிய இடம் ஒன்று உண்டு. அது கோயிலுமன்று, களத்துமேடுமன்று, அச்சுக்கூடம்!

மாட்டின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது வச்சிரப் பசை. கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்தபின் எஞ்சுவது பாகு. இவ்விரண்டையும் சேர்த்து உருக்கி வார்த்த உருளைதான், நூறாண்டுக்கும் மேலாக அச்சுப்பொறிகளில் எழுத்துக்கு மை தடவியது. பொறியைச் செய்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் உள்ளன. தோலை உரித்தவர் யார், பசையைக் காய்ச்சியவர் யார் என்று எழுதி வைப்பாரில்லை. எழுதாமல் விட்ட அந்தப் பக்கத்தைத்தான் இங்கே புரட்டிப் பார்க்கப் போகிறோம்.

அச்சுத் தொழிலில் மென்மைக்கு என்ன வேலை? ஈய எழுத்து கடினம். அதை அழுத்தும் பலகையும் கடினம். கடினம் கடினத்தோடு மோதினால் என்ன ஆகும்? ஓர் எழுத்து தாளைத் துளைக்கும். அதன் பக்கத்து எழுத்து தாளைத் தொடாமலே நிற்கும். ஏனெனில், எவ்வளவு திறமையாக வார்த்தாலும் எழுத்துகள் எல்லாம் மயிரிழை பிசகாமல் ஒரே உயரமாக இருப்பதில்லை. நாள்பட்ட எழுத்து தேய்ந்தும் போகும். இந்த ஏற்றத்தாழ்வைத் தனக்குள் வாங்கிக்கொண்டு, எல்லா எழுத்துக்கும் சமமான அழுத்தத்தைப் பங்கிட்டுத் தர இடையே ஓர் அணை வேண்டும். ஆம், சமத்துவத்தை நிலைநாட்டும் அணை!

மரத்தால் ஆன பழைய அச்சுப்பொறியை எண்ணிப் பாருங்கள். திருகைச் சுழற்றும் நீண்ட கைப்பிடி. திருகின் அடியில் அழுத்தும் பலகை. அதன் கீழே எழுத்துகளைத் தாங்கிய மேடை. தாளைப் பிடித்து வைக்க, பதனிட்ட தோல் போர்த்திய சட்டம் ஒன்று. அது இரட்டைச் சட்டம். இரண்டு தோல்களுக்கும் நடுவே கம்பளித் துணியை மடித்து வைப்பார்கள். பலகையின் அடி கம்பளியில் இறங்கி, கம்பளி வழியாகத் தாளுக்குப் போகும். பொறியின் தலைக்கட்டையையும் இறுக்கி அறைந்து விடுவதில்லை. அது பொருந்தும் துளைகளில் கம்பளியையோ அட்டையையோ திணித்து, சற்றே மேலெழுந்து தாழ இடம் வைத்தார்கள். அவ்வாறு வைத்தால் கைப்பிடி நெகிழ்ந்து வரும். இழுப்பவன் தோளில் அடி விழாது. லண்டனைச் சேர்ந்த ஜோசப் மாக்சன், 1683ஆம் ஆண்டு அச்சுத்தொழிலைப் பற்றி விரிவான நூல் எழுதினார். நாள் முழுதும் பொறியை இழுக்கும் தொழிலாளியின் கைப்பாட்டை அறிந்தவர்களுக்கே இத்தகைய நுட்பம் தோன்றும்.

அத்தகைய பொறிதான் தரங்கம்பாடிக்கு வந்தது. லண்டன் கிறித்துவ அறிவு வளர்ச்சிக் கழகம் அனுப்பிய பொறி அது. அதை இயக்க வந்த ஜோனாஸ் பிங்க் கடற்பயணத்திலேயே இறந்து போனார். பொறி 1712ஆம் ஆண்டு கரையேறியது. டேனியக் கம்பெனியின் படைவீரர் ஒருவர் அச்சுத்தொழில் அறிந்திருந்ததால் அது ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் செருமனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715 ஆண்டுகளில் அச்சேறியது.

அந்த எழுத்துகளுக்கு மை பூசியது எது? தோற்பந்து! மரக்கைப்பிடியின் முனையில் கம்பளி மயிரையோ குதிரை மயிரையோ அடைத்து, மேலே தோலை இழுத்துக் கட்டிய பந்து. கைக்கொரு பந்தாக இரண்டு பந்துகளில் மையைத் தேய்த்துப் பரப்பி, எழுத்தின்மேல் தட்டித் தட்டிப் பூசுவார்கள். தோல் காய்ந்து விறைத்துவிட்டால் மை ஒட்டாது. ஆகவே ஐரோப்பிய அச்சுக்கூடங்களில் அந்தத் தோலைச் சிறுநீரில் ஊறவைத்து மெதுவாக்குவது வழக்கம். தோலின் மணமும் சிறுநீரின் நாற்றமும் கலந்த அந்தக் கூடங்களிலிருந்துதான் வேதாகமங்களும் துதிப்பாடல்களும் வெளியே வந்தன. அங்கே எந்தக் கடவுளும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிடவில்லை!

நம் நாட்டு வைதீகத்துக்கோ இது பெரும் சங்கடம். தோலைத் தொட்டால் தீட்டு. தோலைப் பதனிடுபவனைத் தொட்டால் தீட்டு. அவன் நிழல் பட்டாலும் தீட்டு. அந்தத் தோல் தடவிய மையில் புராணம் வந்தால்? 1830ஆம் ஆண்டு கல்கத்தாவில் பவானிசரண் பந்தோபாத்யாய பாகவதத்தை அச்சிட்டபோது, அச்சுக் கோக்கப் பார்ப்பனர்களை அமர்த்தினார். மையில் கங்கை நீரைக் கலந்தார். ஏட்டுச்சுவடியின் வடிவிலேயே தாள்களை அமைத்தார். பம்பாயில் கணபத் கிருஷ்ணாஜி என்பவர் தம் அச்சகத்தில் 1831ஆம் ஆண்டு பஞ்சாங்கத்தை வெளியிட்டார். அச்சிட்ட தாளைத் தொடவே அஞ்சிய வைதீகர்கள் பம்பாயில் இருந்ததை, 1863ஆம் ஆண்டு கோவிந்த நாராயண் எழுதிய நூல் பதிவு செய்திருக்கிறது.

என்ன ஆயிற்று அந்த அச்சம்? ஏடெழுதக் கூலி கொடுத்து மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, சில காசுகளில் பஞ்சாங்கம் கிடைத்தது. ஊருக்கு ஒரு பஞ்சாங்கம் போய், வீட்டுக்கு ஒரு பஞ்சாங்கம் வந்தது. வசதி வாசலில் வந்து நின்றதும் தீட்டு கொல்லைப்புறமாக ஓடிவிட்டது! தோலால் மை பூசிய புத்தகம் பூசையறைக்குள் போயிற்று. தோலைத் தந்தவன் மட்டும் தெருவுக்குள்ளும் வரக்கூடாது என்றார்கள். பொருளுக்குத் தீட்டில்லை, ஆளுக்குத்தான் தீட்டு என்றால், தீட்டு எங்கே இருக்கிறது? தோலிலா? சொல்பவன் நெஞ்சிலா? எழுத்துக்கு மை தந்தவனுக்கு எழுத்தறிவு தர மறுத்த நாடு இது என்பதை மறந்துவிடலாகாது.

அச்சுக்கலை மேலே சென்றது. 1800ஆம் ஆண்டையொட்டி ஸ்டான்ஹோப் பிரபு இரும்பாலான பொறியை உருவாக்கினார். அதன்பின் அமெரிக்காவில் ஜார்ஜ் கிளைமரின் கொலம்பியன் பொறியும், லண்டனில் கோப்பின் ஆல்பியன் பொறியும் வந்தன. கொலம்பியனில் எடைக்கல்லும் ஆல்பியனின் உச்சியில் சுருள்வில்லும் இருந்தன. அழுத்தி முடிந்த பலகையை அவை தாமே தூக்கிவிட்டன. கீழே அழுத்துவது மனிதன் வேலை. மேலே தூக்குவது வில்லின் வேலை. தொழிலாளியின் பாட்டில் பாதி குறைந்தது.

தோற்பந்துக்கும் முடிவு வந்தது. மட்பாண்டங்களில் படம் பதிக்க இங்கிலாந்தின் குயவர்கள் வச்சிரமும் பாகும் கலந்த நெகிழ்பொருள் ஒன்றைப் பயன்படுத்தி வந்தனர். அச்சுத்தொழிலாளர் 1810களில் அதை எடுத்துக்கொண்டனர். வச்சிரத்தை நீரில் ஊறவைத்து, நேரே நெருப்பில் வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, பாகைச் சேர்த்து, எண்ணெய் தடவிய உலோகக் குழாயில் ஊற்றுவார்கள். நடுவே ஒரு தண்டு. ஆறியதும் எடுத்தால், அழுத்தினால் அமுங்கி, விட்டால் நிமிரும் உருளை! தோலில் இருந்த தையல் இதில் இல்லை. மை எங்கும் ஒரே சீராகப் பரவும். வெயில் காலத்தில் இளகும். ஆகவே வச்சிரத்தைக் கூட்டுவார்கள். குளிர் காலத்தில் விறைக்கும், பாகைக் கூட்டுவார்கள். பழையதாகிவிட்டால் வெட்டி உருக்கி மீண்டும் வார்ப்பார்கள். மந்திரமா? இல்லை, பருவத்தை அறிந்து பக்குவம் செய்த பட்டறிவு.

இனி வேகத்தின் கதை. கைப்பொறியில் இருவர் சேர்ந்து பாடுபட்டாலும் மணிக்கு 250 தாள்தான் கணக்கு. 1814 நவம்பர் 29ஆம் நாள் லண்டன் டைம்ஸ் இதழ், பிரீட்ரிக் கோனிக் அமைத்த நீராவிப் பொறியில் அச்சாகி வெளிவந்தது. மணிக்கு 1,100 தாள்! தொழிலாளர் கொதித்தெழுவர் என்று அஞ்சி, இதழின் உரிமையாளர் ஜான் வால்ட்டர் அந்தப் பொறியை மறைவாகவே நிறுவினார். வேறு வேலை கிடைக்கும்வரை ஊதியம் தருவதாக உறுதி கூறிய பிறகே கலக்கம் அடங்கியது. பொறியின் அதிர்ச்சியைத் தாங்க அணை வேண்டும். பொறியால் வாழ்விழப்பவனின் அதிர்ச்சியைத் தாங்கவும் அணை வேண்டும் என்பதை அன்றே அந்த நிகழ்ச்சி உணர்த்தியது.

கோனிக்கின் வழிவந்த பொறிகளில் உருளை சுழலும். எழுத்து மேடை அதன் கீழே முன்னும் பின்னுமாக ஓடும். பல மணங்கு எடையுள்ள இரும்பும் ஈயமும் விரைந்து வந்து, ஓரத்தில் ஒரு கணம் நின்று, உடனே எதிர்த்திசையில் திரும்ப வேண்டும். அந்த ஒரு கணத்தில்தான் ஆபத்து எல்லாம்! எதிரே முட்டுக்கட்டை போட்டால் மேடை இடிபடும், பற்சக்கரம் உடையும், கோத்த எழுத்து சிதறும், தரையே அதிரும்.

சீறி வரும் காளையை எதிரே நின்று நெஞ்சால் தடுப்பவன் பிழைக்க மாட்டான். திமிலைத் தழுவி, அதனோடு ஓடி, அதன் வேகத்தைத் தன் உடலில் வாங்கி அடக்குபவனே வெல்வான். பொறியாளர்கள் செய்ததும் இதுதான். முதலில் சுருள்வில்களை வைத்தார்கள். பின்னர் காற்றையே அணையாக்கினார்கள். மேடை ஓரத்தை நெருங்கும்போது உந்துதண்டு ஒன்று குழாய்க்குள் நுழையும். உள்ளே அகப்பட்ட காற்று நெருங்க நெருங்க இறுகும். இறுகி இறுகி மேடையைத் தடுக்கும். தடுத்தபின் விரிந்து, வாங்கிய விசையைத் திருப்பித் தந்து மேடையை மறுபக்கம் தள்ளிவிடும். வேகத்துக்குத் தக்கபடி காற்றின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். சிகாகோவில் ராபர்ட் மீலே 1880களில் உருவாக்கிய பொறி புகழ் பெற்றது. கண்ணுக்குத் தெரியாத காற்று, பேய் பிசாசாக அலைவதை விட்டுவிட்டுப் பெரும்பளுவைத் தாங்கும் தூணாயிற்று. ஆராய்ச்சி செய்தவனுக்கு ஆற்றல் தந்தது; அஞ்சியவனுக்கு அதே காற்று அச்சம் தந்தது!

தமிழகத்தின் சிற்றூர்களுக்கு அந்தப் பெரும்பொறிகள் வரவில்லை. வந்தது டிரெடில். காலால் மிதித்தால் ஓடும். பக்கத்தில் சுழலும் கனத்த சக்கரம் மிதியின் குலுக்கலைத் தன் சுழற்சியில் வாங்கிச் சமன் செய்யும். தாளுக்கு அடியில் அட்டையும் தாளும் அடுக்கி, தேய்ந்த எழுத்துக்கு நேரே ஒரு சிறு துண்டை ஒட்டி, அழுத்தத்தைச் சரிசெய்வார் தொழிலாளி. மின்சாரம் இல்லாத ஊரிலும் ஓடும் அந்தப் பொறி, ஏழை இயக்கங்களின் படைக்கலமாயிற்று.

மதுரையில் 1901ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்ச் சங்கம் தன் முத்திராசாலையில் பழந்தமிழ் நூல்களை அச்சிட்டது. அதற்கு முன்பே, 1887ஆம் ஆண்டில், சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும் பதிப்பித்தனர். ஏறு தழுவுதலைப் பாடிய முல்லைக்கலி ஓலையிலிருந்து தாளுக்கு வந்தது இப்படித்தான். அக்காலத்து அச்சகங்களில் மை தடவியது வச்சிர உருளை. காளையைப் பாடிய பாட்டுக்கு மாட்டின் தோலே மை தடவியது!

அதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. எந்த மக்களைத் தொடக்கூடாது என்றார்களோ, அந்த மக்களின் கைக்கு அச்சுப்பொறி வந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893ஆம் ஆண்டு, இழிவென்று சுமத்திய பெயரையே தலைப்பாகத் தூக்கி நிறுத்திப் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டு ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை வெளியிட்டார். ஈரோட்டில் 1925ஆம் ஆண்டு பெரியாரின் ‘குடி அரசு’ பிறந்தது. தோலைக் கொடுத்துவிட்டு ஊருக்கு வெளியே நின்றவர்களின் உரிமைக்குரல், தோலிலிருந்து பிறந்த உருளையின் வழியாகவே ஊருக்குள் நுழைந்தது.

இன்று வச்சிர உருளை இல்லை. இரப்பர் அதன் இடத்தைப் பிடித்தது. 1904ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் ஐரா ரூபெல் என்ற அச்சகத்தார் ஒன்றைக் கவனித்தார். தாள் தவறிப்போன ஒரு சுற்றில், எழுத்து அணையாக இருந்த இரப்பரின்மேல் பதிந்துவிட்டது. அடுத்த தாளின் பின்புறத்தில் அந்த இரப்பர் பதித்த எழுத்து, நேரே பதிந்த எழுத்தைவிடத் தெளிவாக இருந்தது! ஆப்செட் முறை அவ்வாறு பிறந்தது. அதிர்ச்சி தாங்க அடியில் கிடந்த அணையே, எழுத்தைச் சுமந்து தாளில் பதிக்கும் முதன்மை இடத்துக்கு உயர்ந்தது.

தோழர்களே, அடியில் கிடப்பது என்றும் அடியிலேதான் கிடக்க வேண்டும் என்பது இயற்கையின் சட்டமன்று; இரப்பர் அதைக் காட்டிவிட்டது. மனிதருக்கு மட்டும் அந்தச் சட்டத்தை எழுதி வைத்தவர்கள் யார்? ஒரு நூலைக் கையில் எடுக்கும்போது எழுதியவரை நினைக்கிறோம், பதிப்பித்தவரைப் போற்றுகிறோம். தோல் உரித்தவரையும் பசை காய்ச்சியவரையும் கம்பளி நெய்தவரையும் கரும்பு வெட்டியவரையும் நினைக்கக் கற்றுக்கொள்வோம். அவர்கள் வீட்டுப் பிள்ளையின் கையில் அந்த நூல் சென்று சேரும்வரை அச்சுக்கலையின் வரலாறு முற்றுப்பெற்றதாகாது.