குட்டையை மூடிக் குட்டை தோண்டுதல்

ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், அப்பா தாமான் பெயரைச் சொல்ல மாட்டார். “பழைய ஈயக்குட்டை இருந்துச்சே, அங்கதான்” என்பார்.

கிந்தா பள்ளத்தாக்கை நூறாண்டுக்கு மேல் ஈயத்துக்காகத் தோண்டினார்கள். 1938இல் கட்டிய தஞ்சோங் துவாலாங் ஈயக்கப்பல் 1982இல் நின்றது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. விலை சரிந்தது; லம்பங்கள் மூடின. மிஞ்சியவை மணலும் குட்டைகளும்தான். 1988இல் ஈப்போ மாநகரானது. ஈயம் போன பிறகும் ஊர் பக்கவாட்டில் பரவியது. குட்டைகளைத் தூர்த்து வரிசை வீடுகள் கட்டினார்கள்.

அந்தக் குட்டைகள் சும்மா கிடக்கவில்லை, மழைநீரைத் தேக்கிவைத்தன. 2001 முதல் நடப்பிலுள்ள மழைநீர்க் கையேடு, கட்டுமானத்துக்குப் பின் வெளியேறும் வெள்ளத்தின் உச்சம் முன்பைவிடக் கூடக்கூடாது என்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு குட்டையைத் தூர்க்கும் திட்டத்துக்கு, அதே நிலத்தின் மூலையில் சின்னதாக இன்னொரு குட்டை வரைந்தேன். கணக்கு சரியாக வந்தது. ஆனால் தாமானுக்குத் தாமான் தனிக் கணக்கு. தண்ணீர் சேர்வது ஒரே கிந்தா ஆற்றில்.

வரைபடத்தை அப்பாவிடம் காட்டினேன்.

“இருந்ததை மூடிட்டு ஏன்டா மறுபடி தோண்டுறீங்க?” என்றார்.

கையேட்டில் பதில் இல்லை.