நொக்ஸின் நூலும் ஊவாவின் சேகரிப்பும்

இலங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த பழங்கிரந்தங்களைத் தேடிச் சேர்ப்போர், விலையைப் பாராமல் முதலிற் கைநீட்டுவது றொபேட் நொக்ஸ் என்ற மாலுமியின் நூலுக்கே. 1681ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் றிச்சர்ட் சிஸ்வெல் பெரிய அளவுத் தாளில் வெளியிட்ட அந்நூலுக்கு, விஞ்ஞானியாகிய றொபேட் ஹூக் முன்னுரை எழுதினார். கட்டடக் கலைஞர் கிறிஸ்தோபர் றென் அதன் உண்மைக்குச் சான்று பகர்ந்தார். பிரதி ஒன்று கைக்கு வந்ததும், மடித்து வைத்த தேசப்படம் கிழியாமல் இருக்கிறதா, தாளிப்பனை ஓலையைத் தலைக்குமேற் பிடித்துச் செல்லும் மனிதன், குற்றவாளியைக் கொல்லும் யானை முதலிய செப்புத்தகட்டுப் படங்கள் குறையாமல் உள்ளனவா என்று சேகரிப்பாளர் ஒவ்வோர் ஏடாகப் புரட்டிப் பார்ப்பர். றொபேட் வைற் 1695இல் செதுக்கிய நொக்ஸின் உருவப்படம் பின்னாளிற் சேர்த்துக் கட்டப்பட்ட பிரதியாயின் அவர்தம் மகிழ்ச்சி இரட்டிக்கும். 1681இல் வெளிவந்த புத்தகத்துக்குப் பதினான்கு ஆண்டு பிந்திய படம் எங்ஙனம் உரியதாகும் என்று அவ்வேளையில் எவரும் கேட்பதில்லை.

பதுளையிலோ, ஊவாத் தோட்டங்களிலோ இருந்துகொண்டு இந்நூலைத் தேடுகின்றவர் இந்த அளவுகோலை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதும், ஊவாவுக்கு வேண்டிய நொக்ஸ் 1681ஆம் ஆண்டு நொக்ஸ் மட்டும் அல்லர் என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

கதைச் சுருக்கம் பலரும் அறிந்ததே. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியத்தில் இருந்த 'ஆன்' என்ற கப்பல், 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கரையிற் புயலுக்கு அகப்பட்டுப் பாய்மரம் இழந்து, அதனைச் செப்பனிடும் பொருட்டுக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660 ஏப்பிரலில் கப்பல் தலைவரான தந்தையும், பத்தொன்பது வயது மைந்தனும், உடன்வந்தோரும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். தந்தை மறு ஆண்டிலேயே காய்ச்சலால் இறந்தார். மைந்தர் தொப்பி பின்னியும், நெல்லைக் கடனுக்குக் கொடுத்தும், சில்லறைச் சரக்கைச் சுமந்து விற்றும் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1679 ஒக்டோபரில் ஸ்ரீபன் றற்லண்ட் என்னும் தோழரோடு ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். நூலின் முதல் மூன்று பாகங்கள் நாட்டையும் அரசனையும் குடிகளையும் பற்றியவை. நான்காம் பாகமே அவருடைய சொந்தக் கதை.

இனி ஊவாவைப் பற்றி நொக்ஸ் கூறுவனவற்றைச் சற்று ஊன்றி நோக்குவோம். கண்டி இராச்சியத்தின் ஐந்து நகரங்களுள் ஒன்றாகவும், நாட்டின் இரண்டாம் நகரமாகவும் அவர் பதுளையைக் குறிப்பிடுகிறார். கண்டியிலிருந்து கிழக்கே இரண்டு நாள் வழித்தூரம் என்கிறார். போர்த்துக்கேயர் அதனை எரித்துத் தரைமட்டமாக்கினர் என்றும், அரண்மனை பாழாய்க் கிடக்க, கோயில்கள் மாத்திரம் நல்ல நிலையில் நிற்கின்றன என்றும் எழுதுகிறார். 1630இல் கொன்ஸ்தந்தீனு த சா என்ற தளபதி பதுளையை எரித்துத் திரும்பும் வழியில், தன் பக்கத்துச் சிங்களத் தலைவர்களே எதிரணி சேர்ந்தமையால், ஊவா மண்ணிலேயே மாண்ட சம்பவத்தின் வடு அது. முதியங்கனை விகாரை இன்றும் அந்நகரில் வழிபாட்டில் இருப்பதைக் கருதின், மாலுமியின் கூற்றைப் பொய்யென்று தள்ளுவதற்கு இடமில்லை.

இதனினும் அருமையானது நிலத்தைப் பற்றிய குறிப்பு. நாடெங்கும் காடு மூடியிருக்க, ஊவாவும் வேறு இரு பகுதிகளும் மட்டும் இயல்பாகவே மரம் அருகி வெளியாய் இருந்தன. ஊவாவில் வீட்டைச் சுற்றி நட்டவை அன்றி மரம் இல்லை. ஆகையால் மேய்ச்சல் நன்று, மாடுகள் மிகுதி. தீவிலேயே சிறந்த புகையிலை விளைவதும் அங்கேதான் என்கிறார். வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துப் பத்தனைப் புல்வெளிகளை இன்று காண்பவர், காட்டையெல்லாம் அழித்தவர் கோப்பித் துரைமாரே என்று எளிதாகச் சொல்லிவிடுவதுண்டு. நமுனுகுலை, ஹப்புத்தளை மலைச்சரிவுக் காடுகளைப் பொறுத்தவரை அது மெய்யே. ஆயினும் நடு ஊவாவின் புல்வெளி, துரைமார் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே அங்கு இருந்தது என்பதற்கு இக்கைதியின் சில வரிகளே சாட்சி.

ஆனால் சாட்சியை எடைபோட்டே கொள்ள வேண்டும். நொக்ஸ் குடியிருந்த ஊர்கள் கண்டிப் பக்கத்தவை. ஊவா மாடுகளை வேறிடம் கொண்டு சென்றால் அவை செத்துப்போகும், ஏதோ ஒரு செடியின் வாடையே காரணம் என்று அவர் எழுதுவது, பிறர் வாய்க் கேட்டது. தம் காலத்தவரின் ஊகமாகவே அவரும் அதனைத் தருகிறார். புகையிலையோ அவர் தாமே விற்றுத் திரிந்த சரக்கு. அதன் தரம் பற்றிய தீர்ப்பை ஒரு வியாபாரியின் தீர்ப்பாக நம்பலாம். இப்படி வரிக்கு வரி தரம் பிரித்துப் படிப்பதற்கு முதற்பதிப்பு அவசியமன்று. நல்ல மறுபதிப்பே போதும்.

மலையகத்துத் தமிழ் வாசகர் இந்நூலில் நின்று நோக்க வேண்டிய வேறோர் இடமும் உண்டு. தப்பியோடும் வழியில் அநுராதபுரத்தை அடைந்த இருவரும் அங்கே தமிழ் பேசும் குடிகளைக் கண்டு, ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்காமல் தயங்கினர். பின்னர் அருவியாற்றைத் துணையாகப் பற்றிக் காட்டினூடே மேற்கு நோக்கிச் சென்று கடற்கரையைக் கண்டனர். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், தொண்டியிலும் இராமேசுவரத்திலும் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர், கங்காணியின் பின்னால், அதே வறண்ட வடமேற்குக் காட்டை எதிர்த்திசையிற் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியால் வழியில் விழுந்தவர் பலர். அவர்களுள் ஒரு பகுதியினர் மேலும் மலையேறிப் பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களுக்கு வந்தனர். ஒரே காட்டைக் கடந்த இரு சாராருள் ஒருவருக்கு முன்னுரையும் சான்றும் தந்து அச்சேற்ற லண்டனிற் பெரியோர் இருந்தனர். மற்றவருக்கு ஒப்பாரியும் கும்மியும் அன்றி ஏடு வாய்க்கவில்லை.

பதிப்புகளுக்கு வருவோம். 1689இல் ஜெர்மன், 1692இல் ஒல்லாந்து, 1693இல் பிரெஞ்சு என விரைவில் மொழிபெயர்க்கப்பட்ட இந்நூல், 1817இல் 'பிலலெதீஸ்' என்னும் புனைபெயரினர் எழுதிய இலங்கைச் சரித்திரத்தின் பின்னிணைப்பாக மீண்டும் அச்சேறியது. எனினும் கிளாஸ்கோவில் ஜேம்ஸ் றயன் 1911இல் வெளியிட்ட பதிப்பே என் மதிப்பில் மிக முக்கியமானது; ஏனெனில் ஒக்ஸ்போர்ட் பொட்லியன் நூலகத்திலிருந்த நொக்ஸின் சுயசரிதைக் கையெழுத்தும் அதிலேதான் இணைந்து வந்தது. முதற்பதிப்பில் கடல் மிகச் சிறிதே. கடலோடியின் பிற்கால வாழ்வு முழுவதும் இச்சுயசரிதையிலேயே உள்ளது. 'டொங்குவீன் மேர்ச்சன்ற்' என்ற கப்பலின் தலைவராகி, மடகஸ்காரில் அடிமைகளை வாங்கிக் கம்பெனிக்குச் சேர்ப்பித்தவரும் இதே நொக்ஸ்தான். இருபது ஆண்டு சிறையிருந்தவர் பிறரை விலைக்கு வாங்கினார் என்ற செய்தி, 1681ஆம் ஆண்டுப் பிரதியை எத்தனை முறை புரட்டினும் கிடைக்காது. 1719இல் றொபின்சன் குரூசோவைப் படைத்த டீபோ மறு ஆண்டுக் கதையொன்றில் நொக்ஸின் வரலாற்றைச் சுருக்கிச் சேர்த்தபோதும், வாசகர்க்குக் கிடைத்தவர் தப்பி வந்த கைதியே. நொக்ஸ் தம் நூலுக்குப் பின்னாளில் எழுதிச் சேர்த்த குறிப்புகள் போலூஸ் 1989இல் வெளியிட்ட பதிப்பில் இடம்பெற்றுள்ளன. ஆராய்ச்சியாளர் அதனையும் விடலாகாது.

முதற்பதிப்பின் தாளும் மையும் செப்புத்தகட்டின் அழுத்தமும் தாமே சரித்திரச் சான்றுகள் அல்லவா என்று மறுப்போர் உண்டு. மறுப்பு நியாயமானதே; பெரிய நூலகங்கள் அதனைக் காப்பது கடமை. ஆனால் பல தோட்டத்துப் பாடசாலைகள் ஓர் அலமாரிப் புத்தகத்துக்கே ஏங்கும் மாகாணத்தில், அதற்குச் செலவிடும் பெரும்பொருளைக் கொண்டு 1911, 1989 பதிப்புகளை வாங்குவதே அறிவுடைமை. ஹப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் எழுப்பிய அடிசம் மாளிகையின் நூலக அறை இன்றும் பார்வையாளருக்குக் காட்டப்படுகிறது. துரைமாருடைய புத்தகங்களுக்கு இம்மலையில் இடம் எப்போதும் இருந்தது.

இடமில்லாமற் போனவை வேறு. கடன் தொகை எழுதிய துண்டு, எழுத்தும் எண்ணும் பொறித்து நூலிற் கோத்துக் கழுத்திற் கட்டிய தகரத் துண்டு, கங்காணியின் பேரேடு, 1964ஆம் ஆண்டு இலங்கை–இந்திய ஒப்பந்தத்தின்பின் தலைமன்னாரில் கப்பலேறியோர் பெற்ற கடவுச்சீட்டு, ஊர் சேர்ந்ததும் அவர்கள் எழுதிய முதற்கடிதம் ஆகியவையே நம் கடல் யாத்திரைக்கு எஞ்சிய ஏடுகள். லயத்துப் பெட்டிகளில் இவை கறையானுக்கு இரையாகின்றன. பதுளைப் பொது நூலகமும் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் நொக்ஸின் நல்ல பதிப்பொன்றை வாங்கி, அதே அலமாரியில் இவற்றுக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். வீட்டிற் பழைய துண்டோ கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்கள், அதனை எறிந்துவிடாமல், வைத்திருந்தவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்து நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.