லினக்ஸில் பாம் கருவிகள்: ஜே-பைலட், பைலட்-லிங்க்

ஜே-பைலட், பாம் நிறுவனத்தின் கையடக்கக் குறிப்பேட்டுக் கருவிகளில் உள்ள நாட்காட்டி, முகவரி, செய்பணிப் பட்டியல், குறிப்பு ஆகியவற்றைக் கணினியில் பார்க்கவும் திருத்தவும் உதவும் லினக்ஸ் மென்பொருள். கருவியோடு பேசுகிற வேலையை அது தானே செய்வதில்லை. பைலட்-லிங்க் என்ற நிரலகத்திடம் விட்டுவிடுகிறது. இரண்டும் 1990களில் பிறந்த கட்டற்ற மென்பொருள்கள். கருவிகளின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆனபின்னும் இவை ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றைப் பராமரிப்பதில் தகவலைக் காப்பது எளிது. கம்பியில் கருவியைப் பிடிப்பதும் பழைய மூலநிரலைப் புதிய தொகுப்பியில் கட்டியெழுப்புவதும்தான் பாடுபடுத்துபவை.

முதல் பைலட் கருவிகள் 1996இல் வெளிவந்தன. அப்போது பாம், யூஎஸ் ரோபாட்டிக்ஸின் கீழ் இருந்தது. மறு ஆண்டே த்ரீகாம் வசம் போனது. ஜெஃப் ஹாக்கின்ஸ் உள்ளிட்ட நிறுவனர்கள் வெளியேறித் தொடங்கிய ஹேண்ட்ஸ்பிரிங், 1999இல் யூஎஸ்பி வழியே இணையும் வைசர் கருவியை விற்றது. பாம் இயங்குதளத்தோடு வந்த கடைசிக் கைப்பேசி 2007இன் சென்ட்ரோ. பாம் நிறுவனத்தை 2010இல் எச்பி வாங்கியது.

பழைய பாம் கருவிகள் குறிப்புகளை வைத்திருந்தது மின்சாரம் போனால் அழிந்துவிடும் நினைவகத்தில். பேட்டரி முழுக்கத் தீர்ந்தால் முகவரிப் புத்தகமும் சேர்ந்து போய்விடும். அதனால் கணினியோடு நடக்கும் ஹாட்சிங்க் என்ற ஒத்திசைவுதான் அந்தத் தகவலுக்கு இருந்த முக்கியக் காப்பு. மின்சாரமின்றியும் தகவலைத் தக்கவைக்கும் நினைவகம் 2004இன் டங்ஸ்டன் டி5இல்தான் வந்தது.

கம்பியின் சிக்கல்

யூஎஸ்பி பாம் கருவியைக் கணினியில் செருகினால் மட்டும் லினக்ஸுக்கு அது தெரியாது. கருவியை நிறுத்திவைக்கும் தொட்டிலில் உள்ள ஹாட்சிங்க் பொத்தானை அழுத்திய பிறகே கருவி தன்னை அறிவித்துக்கொள்ளும். உடனே லினக்ஸின் கருவான கெர்னலில் உள்ள 'வைசர்' இயக்கி பெரும்பாலும் இரண்டு சீரியல் முனைகளை உருவாக்கும். எண் வரிசையில் இரண்டாவதாக வரும் முனை வழியேதான் பல மாதிரிகளில் ஒத்திசைவு நடக்கும். கணினிப் பக்கம் எந்த மென்பொருளும் பேசாவிட்டால் சில நொடிகளில் கருவி பின்வாங்கிவிடும், முனைகளும் மறைந்துவிடும். பொத்தானை அழுத்திவிட்டு விசைப்பலகைக்கு வந்து கட்டளையைத் தட்டச்சு செய்வதற்குள் காரியம் கைமீறிப்போகும். மென்பொருளை முதலில் காத்திருக்க வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்துவதே பலரும் கைக்கொண்ட வழி.

அனுமதிச் சிக்கல் தனி. முனை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறப்பதால், அதைத் திறக்கும் உரிமையும் ஒவ்வொரு முறையும் புதிதாக வழங்கப்பட வேண்டும். டெபியன் குடும்பத்தில் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்தால் போதும். கருவி செருகப்படும்போது முனைகளை அமைக்கும் யூடெவ்வுக்கு விதி எழுதி, முனைக்கு மாறாத பெயர் ஒன்றைச் சூட்டிவிடுவது இன்னும் வசதி.

பைலட்-லிங்க் 0.12 வரிசை கெர்னல் இயக்கியை ஒதுக்கிவிட்டு லிப்யூஎஸ்பி என்ற நிரலகம் மூலம் கருவியோடு நேரடியாகப் பேசும் வழியைத் தந்தது. முனையின் எண்ணைத் தேடும் வேலை இதில் இல்லை. ஆனால் வைசர் இயக்கி முந்திக்கொண்டு கருவியைப் பிடித்தால் இது தோற்கும். அதனால் அந்த இயக்கியைத் தடைப்பட்டியலில் போட வேண்டும். இரண்டு வழிகளையும் பாதிப் பாதி அமைத்து வைப்பதுதான் ஒத்திசைவு தொடங்காமல் போவதற்கு வழக்கமான காரணம். இரண்டில் இன்றைக்கு லிப்யூஎஸ்பி வழியே மேல். யூஎஸ்பிக்கு முந்தைய சீரியல் தொட்டில்களை மாற்றிக் கம்பி வழியே இணைக்கலாம். வேகம் குறைவு, தொல்லையும் குறைவு.

வைசர் இயக்கி இன்னும் கெர்னலில்தான் இருக்கிறது. பாம் போல் நடிக்கும் போலி யூஎஸ்பி கருவி ஒன்றைச் செருகி முழுக் கணினியையும் முடக்கக்கூடிய ஓட்டைகள் அதில் இருந்தது தெரியவந்து, 2016 வாக்கில் அடைக்கப்பட்டன. பாம் கருவியைக் கண்ணால் காணாதவரின் கணினிக்கும் இந்த ஆபத்து இருந்தது.

கட்டியெழுப்புதல்

மூலநிரல் கையில் இருந்தாலே ஓடிவிடாது. ஒரே பெயரில் பொது மாறிகளைப் பல கோப்புகளில் அறிவிப்பதை லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ஜிசிசி தொகுப்பியின் 10ஆம் பதிப்பு இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. அறிவிக்காத செயற்கூற்றை அழைப்பதை ஜிசிசி 14 பிழையாகவே அறிவித்தது. 1990களின் சி நிரல்களில் இரண்டுமே சகஜம். பழைய பொதிகளோடு வரும் இயந்திர அடையாளக் கோப்புகளுக்கு 64 பிட் ஆர்ம் என்றால் என்னவென்றே தெரியாது. அந்தக் கோப்புகளைப் புதுப்பித்தாலே பல தடைகள் நீங்கிவிடும். இடைமுகத்தின் கதை பெரிது. சாளரங்களையும் பொத்தான்களையும் வரையும் ஜிடிகே நிரலகத்தின் 2ஆம் பதிப்புக்கு 2020 இறுதியோடு ஆதரவு நின்றது, ஜே-பைலட்டின் 2.0 வரிசை ஜிடிகே 3க்கு மாறி அந்தக் கண்டத்தைத் தாண்டியது. கேடிஇ மேசைத்தளத்தின் கேபைலட்டும் குனோம் மேசைத்தளத்தின் குனோம்-பைலட்டும் தாண்டவில்லை. மேசைத்தளத்தோடு ஒட்டி வளர்ந்தவை அது மாறியபோது உதிர்ந்தன, எதையும் ஒட்டாமல் தனியே நின்றது பிழைத்தது.

கோப்புகளின் உள்ளே

பாம் தரவுக் கோப்பு சிக்கலற்றது. தலைப்பகுதி 78 பைட். அதில் முதல் 32 பைட் கோப்பின் பெயருக்கு. பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் 8 பைட்: நான்கில் பதிவு இருக்கும் இடம், ஒன்றில் பண்புகள், மூன்றில் அடையாள எண். பண்பு பைட்டின் பாதி வகைக்கு ஒதுக்கப்பட்டதால்தான் பாம் கருவியில் 16 வகைகளுக்கு மேல் கிடையாது. அதே பைட்டில் 'அந்தரங்கம்' என்று ஒரு பிட் உண்டு. அது வெறும் அடையாளம்தான், மறையாக்கம் அல்ல. அந்தரங்கம் என்று குறித்த பதிவையும் கோப்பைத் திறப்பவர் எவரும் படித்துவிடலாம்.

நாட்காட்டியில் தேதிக்கு இரண்டே பைட்: ஆண்டுக்கு 7 பிட், மாதத்துக்கு 4, நாளுக்கு 5. ஆண்டு 1904இலிருந்து எண்ணப்படும். 2024 சனவரி 15 என்பது 120, 1, 15 என்று பிரிந்து, 240, 47 என்ற இரு பைட்டுகளாக எழுதப்படும். பாமின் மோட்டோரோலா செயலி பெரிய பைட்டை முன்னால் வைக்கும். இன்டெல் வகைச் செயலி பின்னால் வைக்கும். வரிசையைக் கவனிக்காத நிரல் இதே பைட்டுகளை 1927ஆம் ஆண்டு, 15ஆம் மாதம், 16ஆம் நாள் என்று படிக்கும். பதினைந்தாம் மாதம் வந்ததால் தவறு உடனே கண்ணில் படும். மாதம் பன்னிரண்டுக்குள் அமையும் தேதிகளில் அது ஓசைப்படாமல் நழுவிவிடும். ஏழு பிட்டின் உச்சம் 127 என்பதால் 2031க்கு அப்பால் எந்தச் சந்திப்பையும் இந்த நாட்காட்டியில் எழுத முடியாது. லினக்ஸ் பக்கம் எத்தனை திருத்தம் செய்தாலும் இந்த எல்லை நகராது, ஏனென்றால் அது கோப்பின் அமைப்பிலேயே இருக்கிறது.

எழுத்துக்குறி முறையும் பழையதே. மேற்கத்திய மாதிரிகள் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் மட்டும் தருபவை, தமிழுக்கு அதில் இடமில்லை. கணினியின் யூடிஎஃப்-8க்கும் அதற்கும் இடையே ஜே-பைலட் மாற்றிக்கொடுக்கும். மாற்று முறையைத் தவறாகத் தேர்ந்தால் அழுத்தக்குறி உள்ள ஐரோப்பியப் பெயர்கள் முதலில் சிதையும்.

ஜே-பைலட் தன் கோப்புகளைப் பயனரின் வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும் ஓர் அடைவில் வைக்கிறது. கருவியிலிருந்து வந்த நகல் ஒரு கோப்பில், கணினியில் செய்து இன்னும் ஒத்திசைக்காத மாற்றங்கள் இன்னொன்றில். காப்பெடுப்பவர் முதல் கோப்பை மட்டும் எடுத்தால் கடைசியாகச் செய்த மாற்றங்களை இழப்பார். முழு அடைவையும் எடுப்பதே சரி.

கருவியே பழுதானவர்களுக்கு, அதன் வேலையைக் கணினியில் செய்துகாட்டும் எமுலேட்டர்கள் உள்ளன. போஸ் என்ற பழைய எமுலேட்டரின் வழிவந்த கிளவுட்பைலட் உலாவியிலேயே ஓடுகிறது. தகவல் மட்டும் வேண்டுமென்றால் அதுகூடத் தேவையில்லை: பதிவுகளைக் காற்புள்ளிப் பட்டியலாகவும் பொது முகவரி, நாட்காட்டி வடிவங்களிலும் ஏற்றுமதி செய்யும் வசதி ஜே-பைலட்டிலேயே இருக்கிறது.