கார்னெல் கால்நடை மருத்துவக் கல்லூரி: மேற்படிப்பும் ஆராய்ச்சியும்

நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரில் உள்ள இக்கல்லூரி, மாநிலச் சட்டத்தின்படி 1894-இல் நிறுவப்பட்டது. ஆனால் கார்னெல் பல்கலைக்கழகம் 1868-இல் திறக்கப்பட்டபோதே, ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் லா அங்கே கால்நடை மருத்துவம் கற்பிக்க வந்துவிட்டார். அவரிடம் பயின்ற டேனியல் சால்மன் 1872-இல் இளநிலைப் பட்டமும், மேலும் படித்து 1876-இல் கால்நடை மருத்துவ முனைவர் பட்டமும் பெற்றார். அமெரிக்காவில் இந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர்தான்.

1884-இல் சால்மன் அமெரிக்க அரசின் கால்நடைத் துறைக்குத் தலைவரானார். அவரிடம் வேலை பார்த்த தியோபால்ட் ஸ்மித் கண்டறிந்த நுண்ணுயிரிக்குச் 'சால்மொனெல்லா' என்று பெயர் வந்தது. உழைத்தவர் ஒருவர், பெயர் மேலதிகாரிக்கு. ஸ்மித்தும் கார்னெலில் படித்தவரே. தெற்கிலிருந்து ஓட்டிவரப்பட்ட மாடுகள் நலமாக இருக்க, அவற்றோடு மேய்ந்த வடக்கத்தி மாடுகள் மட்டும் ஏன் செத்தன என்ற புதிரை அவரும் சக ஆய்வாளர் கில்போர்னும் ஆராய்ந்தனர். தெற்கத்தி மாடுகளின் உடலிலிருந்து உண்ணிகளைக் கையாலேயே பொறுக்கி எடுத்துவிட்டு மேய விட்டார்கள்; நோய் பரவவில்லை. 'டெக்சஸ் காய்ச்சலை' உண்ணியே பரப்புகிறது என்று 1893-இல் அறிவித்தனர். கொசுவில் மலேரியாக் கிருமியைச் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துத்தான்.

1950-இல் ஜேம்ஸ் பேக்கர் தொடங்கிய வைரஸ் ஆய்வு நிலையம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது. 1978-இல் பல நாடுகளில் ஏறக்குறைய ஒரே காலத்தில் நாய்க்குட்டிகளைக் கொன்ற 'பார்வோ' வைரஸுக்கு அங்கேதான் கார்மைக்கேலும் ஆப்பெலும் தடுப்பூசி உருவாக்கினர். நம் ஊரில் நாய்க்குட்டி வளர்ப்பவர்களுக்கும் பழகிய பெயர் அது. பூனை வைரஸுக்கு நெருங்கிய உறவான இது நாய்க்கு எப்படித் தாவியது? நியூசிலாந்திலிருந்து வந்து அங்கே முனைவர் பட்டம் பெற்ற காலின் பேரிஷ், பின்னர் பேராசிரியராகவும் அதே கேள்வியைத் தொடர்ந்தார். வைரஸின் மேலுறைப் புரதத்தில் நேர்ந்த ஒருசில மாற்றங்களே அதற்குப் போதுமாக இருந்தன.

கார்னெலில் ஆய்வு மாணவர் ஒரே பேராசிரியரின் கீழ் கட்டுண்டவர் அல்லர். தமக்கான வழிகாட்டிக் குழுவைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். பிற கல்லூரிப் பேராசிரியர்களையும் அதில் சேர்க்கலாம். கால்நடை மருத்துவப் பட்டத்தையும் ஆய்வுக்கான முனைவர் பட்டத்தையும் சேர்த்துப் படிக்கும் வழியும் உண்டு.

ஸ்மித்சோனியன் நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தும் ஆய்வுப் படிப்பில் முதலில் சேர்ந்த மாணவி ஜெனிஃபர் நகஷிமா. நாயின் கருமுட்டை முதிராமலே வெளிவருவதால், 1970-களிலிருந்து முயன்றும் சோதனைக்குழாய் முறையில் நாய்க்குட்டி பிறக்கவில்லை. முட்டையைக் கருக்குழாயில் கூடுதலாக ஒரு நாள் விட்டுவைத்தும், விந்தணுவைத் தயார்செய்யும் கரைசலில் மக்னீசியம் சேர்த்தும் நகஷிமா இடம்பெற்ற அலெக்சாண்டர் டிராவிஸின் குழு அதைச் சாதித்தது. 19 கருக்கள் ஒரு பெட்டை நாய்க்குள் வைக்கப்பட்டன. 2015 ஜூலையில் ஏழு குட்டிகள் பிறந்தன. ஆப்பிரிக்கக் காட்டுநாய் போன்ற அருகிவரும் இனங்களுக்கும் இம்முறை உதவும் என்பது ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு.